மடித்த தாளுக்குள் எச்சரிக்கை

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து மடித்துச் செருகியிருக்கும் அந்தத் தாளை வயதானவர்கள் எப்படிப் படிப்பது? எழுத்தெல்லாம் எறும்பு வரிசை.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில் என்ற மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வறட்டு இருமல். சளியாக இருக்கும் என்று இருமல் மருந்து, மிளகு ரசம், இஞ்சிச் சாறு எல்லாம் கொடுத்தோம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இந்த வகை மாத்திரை இருமலைத் தரும் என்பது 1980-களிலிருந்தே டாக்டர்களுக்குத் தெரியும்! வேறு வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இருமலாவது வெறும் தொல்லைதான். அபூர்வமாக இதே மாத்திரையால் உதடு, நாக்கு, தொண்டை வீங்கி மூச்சே அடைக்கலாம். கறுப்பின மக்களுக்கு அந்த ஆபத்து அதிகம். இந்த நாட்டில் இதை உரக்கச் சொல்ல வேண்டாமா?

நோயாளிக்கான தகவல் தாள் வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் விதியே இருக்கிறது. சரி, அச்சடித்துவிட்டார்கள். ஆனால் அம்மாவுக்குக் கிளினிக்கில் கிடைத்தது பிளாஸ்டிக் பையில் வெறும் மாத்திரைப் பட்டைதான், தாளே இல்லை. கம்பெனிக்கு இது தெரியாதா? "வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், முகம் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று பட்டையின் பின்பக்கத்திலேயே பெரிதாகப் போட எவ்வளவு செலவாகிவிடும்?