‘முகீம்’ என்றால் நிரந்தரக் குடியுரிமை இல்லை

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “சவூதி இக்காமாவில் (தங்கும் அனுமதி அட்டையில்) ‘முகீம்’ என்று போட்டிருந்தால் நிரந்தரக் குடியுரிமை. இனி புதுப்பிக்க வேண்டாம்.” இது தவறு.

முகீம் என்றால் அங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவர், அவ்வளவுதான். குடிமகனுக்கு ‘முவாத்தின்’. எண்ணைப் பார்த்தாலே தெரியும்: குடிமகன் எண் 1-ல் தொடங்கும், நம்முடையது 2-ல்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. 2015-க்குப் பின் வந்த அட்டையில் காலாவதி தேதியே அச்சிடவில்லை. ஐந்து வருடத்துக்கு அட்டை மாற்ற வேண்டாம். ஆனால் அனுமதி தனியாகக் கணினியில் புதுப்பிக்கப்பட வேண்டும். தேதியை சவூதி அரசின் அப்ஷர் செயலியில் பாருங்கள். அது ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) தேதியாக இருந்தால் கவனம்: ஹிஜ்ரி வருடம் சுமார் 11 நாள் குறைவு, போன வருட ஆங்கிலத் தேதியை நம்பினால் தவறிவிடும்.

புதுப்பிப்பதும் கட்டணம் கட்டுவதும் கஃபீலின் (வேலைக்கு எடுத்த முதலாளியின்) பொறுப்பு. சவூதி தொழிலாளர் சட்டம் 40-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தாமதமானால் முதல் முறை 500 ரியால், இரண்டாம் முறை 1,000, மூன்றாம் முறை ஊருக்கே அனுப்பிவிடுவார்கள்.

காலவரம்பில்லாத தங்கல் ஒன்று 2019-ல் வந்தது உண்மை. அதன் கட்டணம் 8 லட்சம் ரியால்! அதுவும் குடியுரிமை ஆகாது.