பழைய நம்பரை இன்னொரு நோய்க்குக் கொடுக்காதீர்கள்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து ஒரு பாட்டியைக் காய்ச்சலும் சளியுமாக அழைத்து வந்தார்கள். கம்ப்யூட்டரில் அவருடைய பழைய பதிவைத் திறந்தால் ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று இருக்கிறது. நர்ஸ் கேட்டதற்கு, “எனக்கு எந்த ஊசியும் ஒத்துக்காமப் போனதே இல்ல கண்ணு” என்றார் பாட்டி. பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தேன். அவர் முன்பு வந்தது குடற்புழுவுக்கு! கம்ப்யூட்டர் நோயின் பெயருக்குப் பதில் ஒரு கோட் நம்பரைத்தான் சேமித்து வைக்கும். குடற்புழுவின் கோட் நம்பரை யாரோ நீக்கிவிட்டு, சும்மா கிடக்கிறதே என்று பென்சிலின் ஒவ்வாமைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஷீட் கையில் கிடைக்கும்வரை அந்தப் பாட்டி மருந்துக்குக் காத்துக் கிடந்தார்.

ஜேம்ஸ் சிமினோ என்ற அமெரிக்க மருத்துவர் 1998-லேயே இப்படிக் கோட் தரும் மருத்துவச் சொல் தொகுதிகளுக்கு 12 இலக்கணங்கள் எழுதினார். ஒரு கோடுக்குக் கொடுத்த பொருள் மாறவே கூடாது என்பது அதில் ஒன்று. வேண்டாமென்றால் ‘ஓய்வு’ என்று குறித்து வைக்கலாம், அவ்வளவுதான். எண்ணுக்குள் அர்த்தம் ஒளிந்திருக்கக் கூடாது என்பது இன்னொன்று. ஸ்னோமெட் சிடி என்ற சர்வதேச மருத்துவச் சொல் தொகுதியில் நீரிழிவுக்கு 73211009. டாக்டர் சுகர் என்று எழுதினாலும் சர்க்கரை என்று எழுதினாலும் அதே எண்தான். அந்த எண்ணைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது, அதுதான் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10 அப்படியில்லை. அதில் ‘ஐ’ (I) எழுத்து ரத்த ஓட்ட நோய்களுக்கு உரியது, பக்கவாதமும் அங்கேதான் இருந்தது. அடுத்த பதிப்பான ஐசிடி-11 பக்கவாதத்தை நரம்பு நோய்களுக்கு மாற்றியது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் இடம் மாறியதால் எண்ணும் மாறிப்போனது.

என்னை அதிகம் பயமுறுத்துவது, தனி கோட் இல்லாததையெல்லாம் போட்டு வைக்கும் ‘மற்றவை’ என்ற பெட்டிதான். 1989-இல் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடிக்கும்வரை அந்த நோய்க்குப் பெயர் ‘ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை’. அதற்குத் தனி இடம் கிடைத்ததும் ‘மற்ற மஞ்சள் காமாலைகள்’ என்ற பெட்டி சுருங்கிவிடுகிறது, மேலே ஒட்டிய சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. நம் ஊர்க் கணக்கிலேயே பாருங்கள். சேலத்திலிருந்து 1965-இல் தர்மபுரி பிரிந்தது, 1997-இல் நாமக்கல் பிரிந்தது. ‘சேலம் மாவட்டம்’ என்ற தலைப்பில் 1960-இன் எண்ணிக்கையையும் இன்றைய எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து, நோய் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

மருத்துவமனை நடத்தும் நண்பர்களே, சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்களிடம் பில் போடும் வேகத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: நீக்கிய கோட் நம்பரை என்ன செய்வீர்கள்? ‘திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம் சார்’ என்று பதில் வந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள்.