ஆங்கிலப் பழைய பாட்டும் நம்முடையதுதான்

சிங்கப்பூரில் எந்தத் தமிழ் விசேஷத்துக்குப் போனாலும் பழைய பாட்டு என்றால் டிஎம்எஸ், சுசீலா, அப்புறம் இளையராஜா, அதோடு சரி. எனக்கும் அவர்கள்தான் உயிர். ஆனால் நடுவில் யாராவது பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் பாட்டு ஒன்றைப் போடச் சொன்னால், "தமிழ் நிகழ்ச்சியில் இதெல்லாம் எதுக்கு?" என்று முகம் சுளிக்கிறார்களே, அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படை மூட்டை கட்டியது, அவர்கள் கேட்ட பாட்டு மட்டும் அப்பாவிடமே தங்கிவிட்டது. கடையில் பட்டியல் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கேசட் ஒன்று வைத்திருந்தார். ஒரு பக்கம் பி.பி. ஸ்ரீனிவாஸ், மறுபக்கம் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ். உள்ளே செருகிய அட்டையில் இரண்டு பக்கத்துப் பாட்டுகளையும் நீல மையில் தமிழிலேயே எழுதியிருப்பார், ஆங்கிலப் பாட்டின் முதல் வரி உட்பட. இரண்டு பேருமே கத்தாமல் காதருகே வந்து பாடுகிற ரகம். அப்பா தேடியது அந்தக் குரலைத்தான், அது எந்த மொழியில் கிடைத்தாலும் அவருக்குச் சம்மதம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் இங்கே வந்து பாடிவிட்டுப் போனபின் ஊரெல்லாம் கிட்டார் குழுக்கள் முளைத்தன. 1964இல் நம்மூர் குவெஸ்ட்ஸ் குழுவின் பாட்டு இங்கே முதலிடத்துக்கே வந்தது. அந்தக் கிளிஃப் பிறந்தது லக்னோவில், இன்னொரு ஆங்கிலப் பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பிறந்தது மெட்ராஸில்! இவர்களை அந்நியர் என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் இசையமைப்பாளர்கள் இப்படி வேலி போட்டுக்கொண்டதே இல்லை. 1964இல் வந்த காதலிக்க நேரமில்லையில் 'அனுபவம் புதுமை' கேளுங்கள், பெசாமே முச்சோ என்ற மெக்சிகோ பாட்டின் சாயல் தெரியும். 1978இல் வந்த ப்ரியா பெரும்பகுதி சிங்கப்பூரிலேயே எடுத்த படம், அதில் 'டார்லிங் டார்லிங்' ஆரம்பித்தால் எனக்கு பானி எம் குழு பாடிய 'சன்னி' என்ற ஆங்கிலப் பாட்டும் கூடவே ஓடும். விஸ்வநாதன் ராமமூர்த்தியும் இளையராஜாவும் காதைத் திறந்தே வைத்திருந்தார்கள், அதனால்தான் நமக்கு இவ்வளவு கிடைத்தது.

தமிழ்ப் புழக்கம் வீட்டில் குறைகிறது, மேடையிலாவது தமிழ் மட்டும் இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் இருக்கும் கவலை எனக்கும் உண்டு. வீட்டில் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள், அது என்னை உறுத்தாத நாள் இல்லை. ஆனால் ஜிம் ரீவ்ஸை ஒதுக்கிவைத்தால் அந்தப் பிள்ளைகள் ஸ்ரீனிவாஸிடம் வந்துவிடுவார்களா? என் மகள் முதலில் கேட்டது தாத்தாவின் ஆங்கிலப் பக்கத்தைத்தான். மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளே கேட்டுத்தான் 'நிலவே என்னிடம் நெருங்காதே' வரை வந்தாள், இப்போது ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் அர்த்தம் கேட்கிறாள். நான் கட்டாயப்படுத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

எங்கள் குடும்பத்தில் ஒரு அறுபதாம் கல்யாணம் வருகிறது. பாட்டுப் பட்டியல் என் பொறுப்பு. கிளிஃப் ரிச்சர்டின் கங்கிராஜுலேஷன்ஸ் கண்டிப்பாக உண்டு, அது முடிந்த கையோடு அனுபவம் புதுமை. உங்கள் அப்பா அம்மா கேட்ட பழைய பாட்டு, எந்த மொழியானாலும் சரி, கீழே எழுதுங்கள், அதையும் பட்டியலில் சேர்க்கிறேன்.