அது குப்பை இல்லை, வலை

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. அதான், நீங்களெல்லாம் மாய்ந்து மாய்ந்து பகிர்கிறீர்களே, எங்கள் ஊர்க் கடற்கரையைச் சுத்தம் செய்ய வந்த, ஒரே நிற டீ-ஷர்ட் போட்ட பிள்ளைகள் குப்பை மூட்டைகளுக்குப் பின்னால் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். 'மணப்பாடு கடற்கரையை மீட்டெடுத்தோம்' என்று தலைப்பு வேறு. யாரிடமிருந்து மீட்டார்கள் என்று மட்டும் போடவில்லை.

அதில் இடமிருந்து இரண்டாவது மூட்டையில் இருப்பது எங்கள் சித்தப்பாவின் வலை.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்கக் கடற்கரையைச் சுத்தம் செய்கிற நாளாம். நல்லது. தூத்துக்குடி மாவட்டத்து மீனவ ஊரான எங்கள் மணப்பாட்டுக்கு அது திருச்சிலுவைத் திருவிழா முடிந்த சமயம். 14ஆம் தேதி பெருவிழா. கடைசி நாட்களில் பாதிப் பேர் தொழிலுக்குப் போக மாட்டார்கள். விழா முடிந்ததும் வலையைக் கரையில் விரித்துப் போட்டு, கிழிந்த இடம் பார்த்துப் பொத்துவார்கள். சித்தப்பாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வலையைக் காணோம்.

கொஞ்சம் தள்ளி இருந்திருக்கிறது. துண்டு துண்டாக அறுத்து சாக்கில் திணித்து வைத்திருக்கிறார்கள். மிதவைகளைத் தனியாக வெட்டியெடுத்து 'பிளாஸ்டிக்' என்று எழுதிய சாக்கில் போட்டிருக்கிறார்கள். ஈயக்குண்டுகள் 'உலோகம்' சாக்கில். தரம் பிரித்ததில் ஒரு குறை சொல்ல முடியாது! வலை ஊசி, சுற்றிய நூலோடு, பாதி போட்ட முடிச்சிலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம். ஒரு மனுஷன் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறான் என்று தெரிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்? பலகை எழுதி வைக்க வேண்டுமா?

களத்தில் காய்கிற நெல்லை யாராவது தூசி என்று பெருக்கி அள்ளிக்கொண்டு போனால் விடுவீர்களா? விவசாயி வயிற்றில் அடித்துவிட்டார்கள் என்று ஊரே பொங்கியிருக்கும், நானும் சேர்ந்து பொங்கியிருப்பேன். கடற்காரன் வலை என்றால் மட்டும் 'தெரியாமல் நடந்துவிட்டது, விடுங்க ப்ரோ'.

தெரியாமல்தான் நடந்தது. அதுதான் என் வருத்தமே. சித்தி ஓடிப்போய், "அது குப்பை இல்ல மக்களே, வலை" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு பெண், "அம்மா, நீங்க இதையெல்லாம் கடற்கரையில போடக் கூடாது" என்று பொறுமையாக விளக்கம் கொடுத்திருக்கிறது. கடற்கரையில் போடாமல் வலையைப் பிறகு எங்கே போடுவது? மொட்டை மாடியிலா?

இதைக் கேட்டதும் எனக்கு ஹாஸ்டல் ஞாபகம் வந்துவிட்டது. ஊர் பெயரும் கல்லூரி பெயரும் வேண்டாம். முதல் வருடம் அம்மா நெத்திலிக் கருவாட்டை வறுத்து, எண்ணெய் வடியக் காகிதத்தில் போட்டு, டப்பாவில் அடைத்துக் கொடுத்து அனுப்பியிருந்தார். சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்தால் டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கூட இருந்தவள், "கெட்டுப்போச்சுன்னு நினைச்சு கொட்டிட்டேன்டி, சாரி" என்றாள். நல்ல பெண்தான். டப்பாவைக் கழுவிக்கூட வைத்திருந்தாள். எங்கள் சோறு அவளுக்குக் கெட்டுப்போனதாகத் தெரிந்தது, எங்கள் தொழில் இவர்களுக்குக் குப்பையாகத் தெரிகிறது. இரண்டு பேருமே நல்லவர்கள்தான். நல்லவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

சரி, கமெண்ட்டில் வருகிற கேள்விகளுக்கு வருகிறேன்.

கடலில் விட்ட வலையில் ஆமை சிக்கிச் சாகிறது என்று ஒரு தம்பி பாடம் எடுத்திருக்கிறார். உண்மைதான். கைவிட்ட வலை கடலில் கிடந்தால் மீனும் ஆமையும் சாகும். அதைக் கடலிலிருந்து எடுங்கள், கும்பிடு போடுகிறேன். இது கரையில், படகுக்குப் பக்கத்தில், ஊசியோடு கிடந்த வலை தம்பி.

மீனவர்களும் பிளாஸ்டிக்கைப் போடுகிறார்களே என்கிறார் இன்னொருவர். போடுகிறார்கள். நீங்கள் போடவில்லையா?

'கடற்கரை எல்லோருக்கும் பொது, உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா' என்று கேட்டவருக்குத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் வரலாம், கால் நனைக்கலாம், சவேரியார் தங்கிய குகையைப் பார்க்கலாம். யார் தடுத்தது? ஆனால் கரை எங்களுக்கு வேலை செய்கிற இடம். படகை ஏற்றுவதும் மீனை ஏலம் விடுவதும் கருவாடு காயப்போடுவதும் வலை பொத்துவதும் அங்கேதான். இது நானாகச் சொல்வதில்லை. 2011இல் வந்த மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே, மீன் காயவைக்கும் இடங்களையும் மீனவர்களின் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்கிறது. அப்புறம் 2019இல் இன்னொன்று வந்தது. மக்கள் நெருக்கமாக வாழ்கிற கடலோரக் கிராமங்களில் கட்டடம் கட்டக் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தார்கள். மீதி 150 மீட்டரில் என்ன வரும்? எங்கள் வலைக்கூடம் வராது. 'கடல் பார்த்த அறை' வரும். அந்த அறையின் ஜன்னலுக்கு நேரே கருவாடு காய்ந்தால் அன்றைக்கு மறுபடியும் யாராவது சுத்தம் செய்ய வருவார்கள்.

இப்போதே எங்கள் ஊரைக் 'குட்டி வெனிஸ்' என்கிறார்கள். கருமேனியாற்றுக் கழிமுகமும் மணல் மேட்டுக்கு மேலே கோயிலும் படத்தில் அப்படித் தெரியலாம். ஆனால் அந்தப் படத்தில் ஒரு மனுஷன் இருக்க மாட்டான், கவனித்திருக்கிறீர்களா? ஆளில்லாத நேரமாகப் பார்த்து ட்ரோனைப் பறக்கவிடுவார்கள். 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு இங்கே ஒரு குகை போதுமாக இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்க வந்தவர்கூட வலையைத் தொடவில்லை. 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிற வீடியோக்காரர்கள், அந்தக் கோயிலைத் தாங்கி நிற்கிற ஊர் எதைத் தின்று உயிரோடு இருக்கிறது என்று கேட்டதுண்டா?

பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெருமைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புகிற நாட்களில் பக்கத்துப் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்று நிறுத்துகிறார்கள். நாளைக்கு எங்களுக்கும் அதுதான். கடலில் போகாதே, கரையில் போடாதே. மணல்திட்டு வளர்ந்து படகு போகிற வழி அடைகிறது என்று எங்கள் ஆட்கள் மனு மேல் மனு கொடுக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்ய ஒரு டீ-ஷர்ட்டும் வரவில்லை.

'எல்லாவற்றையும் ஏன் இதோடு முடிச்சுப் போடுகிறாய்' என்பீர்கள். எனக்கே தெரியவில்லை. சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை என்பதால் இருக்கலாம். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அறுந்த துண்டுகளைக் கீழே கொட்டி, எது தேறும் என்று பிரித்துக்கொண்டிருந்தாராம். ஊரார் கூடிச் சத்தம் போட்ட பிறகுதான் சாக்கையே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நஷ்டம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. ஒத்துழைப்புக்கு நன்றி என்று ஊருக்கு ஒரு சான்றிதழ் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. லேமினேட் செய்து தொழிலுக்குக் கொண்டுபோகலாம், மீன் படும்.

அடுத்த வருடமும் வருகிறோம் என்று போட்டிருக்கிறீர்கள். வாருங்கள். திருவிழாக் கூட்டம் விட்டுப்போன காகிதக் கப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் கோயில் மேட்டுச் சரிவில் அப்படியே கிடந்தன, உங்கள் படத்திலேயே ஓரத்தில் தெரிகிறது பாருங்கள். அங்கிருந்து ஆரம்பியுங்கள். கரையில் ஏதாவது கிடந்தால், எடுக்கும் முன் பக்கத்துப் படகில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அறுத்த வலைக்குப் பணம் தருவதாக இருந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம், சித்தப்பா வீட்டுக்கே போய்க் கொடுங்கள். 'ரொம்ப சென்சிட்டிவா இருக்கீங்க' என்று கமெண்ட் போடுகிறவர்களை இனிமேல் பிளாக்தான்.