நினைவேக்கம் மட்டும்தானா?
பழைய வீடியோ கேம்களை இன்று தாங்கி நிற்பது நினைவேக்கம், அதாவது கடந்த நாட்களை எண்ணி ஏங்கும் உணர்வு மட்டுமே என்று, அவற்றைப் பற்றிய கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதுகிறார். 90-களில் மன்னார்குடியில் தொலைக்காட்சியோடு கேசட் போட்டு விளையாடிய எங்கள் தலைமுறைக்கு அது ஓரளவு பொருந்தலாம், ஆனால் அந்த நினைவே இல்லாத என் அக்கா மகன், போன கோடை விடுமுறையில் 1985-ஆம் ஆண்டின் சூப்பர் மாரியோ பிரதர்ஸை ஆட உட்கார்ந்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. அந்த விளையாட்டு முழுவதும் சுமார் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தையே நிறம் மாற்றிப் பயன்படுத்தியவர்கள், பொத்தானை அழுத்தியிருக்கும் நேரத்துக்கு ஏற்பத் தாவலின் உயரம் மாறும் நுணுக்கத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை, அந்த விளையாட்டு இன்றும் கைக்கு இணக்கமாக இருப்பதற்குக் காரணம் அந்த நுணுக்கம்தான் என்பேன். மூப்பு உண்மையில் தெரிவது அதன் பின் வந்த முதல் முப்பரிமாண விளையாட்டுகளில்: 1996-இல் வெளியான டூம்ப் ரைடரில் நாயகியை ஒரு பக்கமாகத் திருப்புவதற்குள், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரைச் சந்துக்குள் திருப்பிவிடலாம். இவற்றை ஆடப் பழைய கருவியை வாங்கி இப்போதைய தொலைக்காட்சியில் இணைத்தால் போதும் என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் எழுதியிருப்பதும் முழுவதும் சரியன்று. டக் ஹன்ட் என்ற வாத்து சுடும் விளையாட்டில் திரையை நோக்கிப் பிடிக்கும் துப்பாக்கி பிக்சர் டியூப் திரை ஒளிரும் கணத்தைக் கணக்கிட்டே இலக்கை அறிவதால், எல்சிடி திரையில் எத்தனை முறை சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது.