மோதிரம் இல்லாத குவார்ட்டர்பேக்

நேற்று மதியம் சாப்பிடும்போது வழக்கமான பேச்சு வந்தது, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் யார் பெரிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) என்று. பிராடிக்கு ஏழு மோதிரம், மஹோம்ஸுக்கு மூன்று, இவருக்கு இரண்டு, அவருக்கு ஒன்று என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தை ஜெயித்தால் மோதிரம் தருவார்கள், அந்தக் கணக்கு. நான் அலெக்ஸ் ஸ்மித் பெயரைச் சொன்னேன். "அவரா? அவரிடம் ஒரு மோதிரம்கூட இல்லையே" என்று சொல்லிவிட்டு நண்பர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அப்போது பதில் சொல்ல நேரமில்லை. மனசு கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கான்சாஸ் சிட்டிக்கு நான் வேலைக்கு வந்தது 2016இல். இந்த ஆட்டத்தை நான் புரிந்துகொண்டதே ஸ்மித்தைப் பார்த்துத்தான். தொலைக்காட்சியில் பார்த்தால் ஒருவர் எறிகிறார், ஒருவர் பிடிக்கிறார், அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படியில்லை. ஒரு முறை ஆடி முடித்து அடுத்த முறை பந்தை எடுக்க 40 விநாடிதான். பயிற்சியாளர் சொல்வது குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் கேட்கும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்தச் சத்தம் தானாகவே நின்றுவிடும். அதற்கப்புறம் அவர் தனி ஆள். காதில் விழுந்த அந்த நீளமான சங்கேத வரியை ஒரு சொல் பிசகாமல் சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் சொல்ல வேண்டும், கோட்டருகே வந்து நிற்க வேண்டும், எதிரே நிற்கும் பதினொரு பேரில் யார் பாயப்போகிறார், யார் பாய்வதுபோல நடித்துவிட்டுப் பின்வாங்கப்போகிறார் என்று கணிக்க வேண்டும், கணிப்பு சொன்னால் அங்கேயே திட்டத்தை மாற்றிக் கத்த வேண்டும். எங்கள் ஊர் ஏரோஹெட் மைதானத்தில் 2014இல் கூட்டம் போட்ட சத்தம் 142.2 டெசிபல், கின்னஸ் சாதனை. வெளியூர் அணியின் குவார்ட்டர்பேக் அதற்கு நடுவில் நின்றுதான் இதையெல்லாம் செய்கிறார்.

பந்து கைக்கு வந்தபிறகு சுமார் மூன்று விநாடி. 120, 130 கிலோ ஆட்கள் அவரை நோக்கி ஓடிவருகிறார்கள். அவர்களைப் பார்க்கக் கூடாது. கண் தூரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆட்கள் மேல் இருக்க வேண்டும். அடி விழப்போகிறது என்று தெரிந்தும் கண்ணை எடுக்காமல் எறிந்துவிட்டு அடியை வாங்கிக்கொள்வதுதான் இந்த வேலை. வாரம் முழுக்கப் பயிற்சியில் அவர் மேல் கை வைக்கக் கூடாது என்பதற்காகத் தனி நிறச் சட்டை போட்டு வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சலுகை கிடையாது.

சரி, ஸ்மித்துக்கு வருகிறேன். அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2005இல் முதல் ஆளாகத் தேர்வாகி சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸுக்குப் போனார். வட கலிபோர்னியாக்காரரான ஏரன் ராட்ஜர்ஸ் அதே வருடம் 24ஆவது ஆளாக கிரீன் பேவுக்குப் போனார். அந்த ஒப்பீடு ஸ்மித்தை வருடக்கணக்கில் விடவேயில்லை. முதல் வருடம் அவர் எறிந்ததில் டச் டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளி) ஆனது ஒன்றே ஒன்று, எதிரணி பிடித்த பந்துகள் 11. தாக்குதல் பயிற்சியாளர் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருவர் மாறினார். ஒவ்வொருவரும் வேறு சங்கேதமொழியோடு வருவார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள், முன் வருடம் மனப்பாடம் செய்ததை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். நடுவில் தோள்பட்டை அறுவைசிகிச்சையும் நடந்தது. 2010இல் சொந்த மைதானத்திலேயே மாற்று வீரரின் பெயரைச் சொல்லிக் கூட்டம் கோஷம் போட்டது.

அந்த மனிதர் அப்புறமும் எழுந்து நின்றார். 2012 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரான பிளேஆஃபில் (தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று) 9 விநாடி மிச்சம் இருக்கும்போது வெர்னன் டேவிஸுக்கு எறிந்து ஜெயித்தார். அதே வருடம் அடுத்த பருவத்தில், எறிந்த 19 பந்தில் 18 போய்ச் சேர்ந்த ஓர் ஆட்டம் ஆடினார். அதற்கு அடுத்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டது. ஓய்வெடுத்துத் திரும்பி வந்தால் இடம் மாற்று குவார்ட்டர்பேக் கேப்பர்னிக்கிடம் போயிருந்தது. அணி சூப்பர் பௌல் வரை போனது, ஸ்மித் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார். மோதிரக் கணக்கு போடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிறகு எங்கள் ஊர் அணியான சீஃப்ஸுக்கு வந்தார். 2017இல் சீஃப்ஸ் அணி டிராஃப்டில் 10ஆவது இடத்துக்கு முன்னேறி மஹோம்ஸ் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும், ஸ்மித்துக்குத் தெரியாதா? அவருடைய நாற்காலிக்குத்தான் ஆள் எடுத்திருக்கிறார்கள். அந்த வருடம் எதிரணியின் ஆட்டத்தைக் காணொளியில் எப்படிப் படிப்பது, ஒரு வாரத்தை எப்படிப் பிரித்துத் தயாராவது என்று அந்த இளைஞருக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டியவர் ஸ்மித். இதை மஹோம்ஸே பொதுவெளியில் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஸ்மித் மனம் ஒடிந்து சுமாராக ஆடினார் என்றும் நினைக்க வேண்டாம், எறிதலின் தரத்தை அளக்கும் பாஸர் ரேட்டிங்கில் அந்த வருடம் லீகிலேயே அவர்தான் முதலிடம், 104.7. பருவம் முடிந்ததும் வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

2018 நவம்பர் 18. ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டம். எதிரணியின் கரீம் ஜாக்சனும் ஜே.ஜே. வாட்டும் சேர்ந்து சாய்த்ததில் ஸ்மித்தின் வலது காலின் இரண்டு எலும்பும் முறிந்து வெளியே வந்தன. வாஷிங்டனின் பழைய குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன் கால் உடைந்து ஆட்டவாழ்க்கை முடிந்ததும் நவம்பர் 18தான், 1985இல். இரண்டு ஆட்டமும் 23-21 என்றே முடிந்தன. தைஸ்மன் அன்று மைதானத்தில் இருந்தார்.

எலும்பு முறிவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சதையைத் தின்னும் கிருமித்தொற்று வந்தது. முதலில் உயிர், அப்புறம் கால் என்ற நிலை. 17 அறுவைசிகிச்சை. இடது தொடையிலிருந்து தசையை எடுத்து வலது காலில் வைத்தார்கள். சான் அன்டோனியோவில், போரில் குண்டுவெடிப்பில் சிக்கிய ராணுவ வீரர்களுக்கான மறுவாழ்வு மையத்துக்குப் போய் அங்கே பயிற்சி எடுத்தார். 2020 பிப்ரவரி சூப்பர் பௌலில் மோதியவை எவை தெரியுமா? 49ர்ஸும் சீஃப்ஸும். அவரை விட்டுவிட்ட இரண்டு அணிகள். ஜெயித்து முதல் மோதிரம் வாங்கியது மஹோம்ஸ். ஊரே தெருவில் ஆடிக்கொண்டிருந்தது, நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், சந்தோஷத்துக்கு நடுவில் ஸ்மித்தின் நினைப்புதான் வந்து வந்து போனது.

அவர் திரும்பி வரத்தான் வேண்டுமா என்று அப்போது பலர் கேட்டார்கள். மூன்று பிள்ளைகளின் அப்பா, எதற்கு இந்தப் பிடிவாதம் என்று. நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் 2019இல் இன்னொரு குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 29 வயதில் வலி தாங்கவில்லை என்று ஓய்வு பெற்றபோது சொந்த ஊர் ரசிகர்களே அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள். போனாலும் தப்பு, வந்தாலும் தப்பு என்றால் அந்த உடம்பு யாருடையது? லக் போனதும் சரி, ஸ்மித் வந்ததும் சரி. அடி வாங்குகிறவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

2020 அக்டோபர் 11, ராம்ஸுக்கு எதிராக மழையில் ஒரு ஆட்டம். முதல் குவார்ட்டர்பேக்குக்கு அடிபட, 693 நாளுக்கு அப்புறம் ஸ்மித் உள்ளே வந்தார். மனைவியும் பிள்ளைகளும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏரன் டொனால்ட், அந்தக் காலகட்டத்தின் மிகப் பயங்கரமான தடுப்பு வீரர், பின்னால் பாய்ந்து அவர் முதுகில் ஏறினார். முழு எடையும் அந்தக் காலில். நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். ஒரு நொடி, இரண்டு நொடி நின்றே தாங்கினார், அப்புறம்தான் விழுந்தார். எழுந்தார். அடுத்த முறைக்கு வந்து நின்றார். அன்று மொத்தம் ஆறு முறை சாய்த்தார்கள், அணி 30-10 என்று தோற்றது.

அந்தப் பருவத்தில் அவர் தொடங்கிய ஆறு ஆட்டத்தில் ஐந்து வெற்றி. அதில் ஒன்று, 11 ஆட்டம் தோற்காமல் வந்த பிட்ஸ்பர்க்கை நிறுத்தியது. அந்த வருடத்தின் சிறந்த மறுவருகை வீரர் விருது கொடுத்தார்கள், அடுத்த மாதமே அணி அவரை விடுவித்துவிட்டது. ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார்.

நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்கு வாங்க, டொனால்ட் முதுகில் ஏறும் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு மோதிரத்தைப் பற்றிப் பேசுவோம்.