சொடலைய படிக்க லண்டன் போனவ

நம்ம சொடலமாடன் சாமி கோயில் கொடைத் திருவிழாவுல, சாமக்கொடை முடிஞ்சு வரவு செலவுக் கணக்கு வாசிக்கயில, மைக்க எங்க அம்மாகிட்ட கொடுங்கன்னு நான் கேட்டு நடந்தத ஊரே பார்த்தாச்சு, வாட்சப்ல சுத்தி துபாய்ல இருக்க அத்தான் வரைக்கும் போயாச்சு, அதனால முழுசா திருப்பிச் சொல்லல. “சொடலைய படிக்க லண்டன் போனவ நமக்குப் பாடம் எடுக்கா”ன்னு சின்னையா சொன்னதும் எல்லாரும் சிரிச்சியள்லா, அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு. கோவத்துல எழுதல. சரி, கொஞ்சம் கோவம்தான்.

நான் படிச்சது மானுடவியல். ஒரு வருச எம்.ஏ., பேங்க் லோன், இன்னும் அடைச்சிக்கிட்டுதான் கெடக்கேன். பெரியப்பா மவன் டெக்சாஸ் போயி எம்.எஸ். முடிச்சதுக்கு முக்குல ஃப்ளெக்ஸ் வச்சிய. கம்ப்யூட்டரு கோயமுத்தூர்லயே இருக்கே, எதுக்குல அங்க போறன்னு ஒரு ஆளு கேக்கல. நான் போனா மட்டும், “நம்ம பண்பாடு நமக்குத் தெரியாதா?”

தெரியாது. எனக்குத் தெரியல.

முதல் டேர்ம்ல அவங்கவங்க ஊர்ல பணம் எப்படிப் பிரிக்காங்கன்னு பேசச் சொன்னாங்க. நான் பெருமையா நம்ம கொடைய எடுத்து விட்டேன், வீட்டுக்கு இவ்வளவுன்னு தலைக்கட்டு வரி, வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, மகுடம் அடிக்கவங்களுக்கு இவ்வளவுன்னு. பேச்சுவாக்குல, “எங்க வீடு அரை வரி, அப்பா இல்லல்லா”ன்னேன். கானாவுல இருந்து வந்த ஒரு பிள்ள, அவ ஊர்ல சாவு வீட்டுல பணம் வாங்கி நோட்டுல எழுதி மைக்ல பேர் வாசிப்பாங்களாம், நம்ம மொய் மாதிரியே, அவதான் கேட்டா. “பாதி பணம் கொடுத்தா உங்க அம்மா கூட்டத்துல பேசலாமா?” பேச முடியாதுன்னேன். சொல்லும்போதே நாக்கு ஒட்டிக்கிச்சு. இருவத்திமூணு வயசு வரைக்கும் அந்த ரசீத நான்தான் போயி வாங்கிட்டு வந்தேன், ஒருநாளும் தோணலயே.

“அது சலுகைம்மா, விதவைக்குப் பாரம் கூடாதுன்னு பெரியவங்க வச்சது”ன்னு எழுதுவிய. சலுகைன்னா பணத்துல காட்டுங்க, வாயில எதுக்கு?

“பாளையங்கோட்டை சேவியர்ஸ்லயே நாட்டார் வழக்காற்றியல் இருக்கே”ன்னு ஒரு சேக்காளி கேட்டான். நியாயமான கேள்வி. இங்க படிச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்கலாம். ஆனா இங்க நான் வாயத் தொறக்க முன்னாடியே “நீ யாரு வீட்டுப் பிள்ள?”ன்னு கேட்டு, பதில வச்சிதான் மிச்சத்தக் கேப்பாங்க. லண்டன் ஒண்ணும் சொர்க்கம் இல்ல, ஈஸ்ட்ஹாம்ல தோசக்கடையில நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் சட்னி வைக்க முன்னாடி “ஊர்ல எந்தத் தெரு?”ன்னாரு. பிளைட்ட விட்டு எறங்கின பொறவும் தெரு கூடயே வருது. அதையும் அங்க போயிதான் பார்த்தேன்.

அம்பேத்கர் 1913-ல அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனாரு. 1916-ல அங்க மானுடவியல் கருத்தரங்குல வச்சிதான் இந்தியாவுல சாதி எப்படி வந்துச்சுன்னு கட்டுரை வாசிச்சாரு. அவரயும் “இத இங்கயே படிக்கலாமே”ம்பியளா? சொல்லத்தான் செய்தாங்க, 2022-ல ஒன்றிய அரசு தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பத்தின தலைப்பு கூடாதுன்னு விதி போட்டுச்சே. அதுவும் பெரும்பாலும் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குன்னு உள்ள உதவித்தொகை.

நம்ம ஆதிச்சநல்லூர்ல மண்ணுக்குள்ள கெடந்த பழங்காலத்துச் சாமானே 1876-ல ஜாகோர்ங்கிற ஜெர்மன்காரர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டு போயிட்டாரு. பானை போகலாம், பிள்ள போகக் கூடாது.

“ஊர் மானத்த வெளிநாட்டுல விக்கா”ன்னு ஒரு கமெண்ட். நான் விக்கணுமாக்கும்! 2023-ல நாங்குநேரியில சாதி வெறியில பள்ளிக்கூடத்துப் பயல வீடு புகுந்து வெட்டுனப்ப எந்த லண்டன்காரி வந்து சொன்னா? நீதிபதி சந்துரு குழு 2024-ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கையில சாதியக் காட்டுற கலர் கயிறு கூடாதுன்னு பரிந்துரை கொடுத்தாச்சு, கொடையில டான்ஸ் ஆடுன பயலுவ கையப் பாருங்க, அதே வீடியோவுலதான் தெரியுது.

நான் அன்னைக்கு என்ன பெருசா கேட்டுட்டேன்? அம்மா வரவு செலவுல ஒரு சந்தேகம் கேக்கணும்னாங்க, மைக்க அவங்க கையில கொடுங்கன்னேன். அவ்வளவுதான். லண்டன நான் இழுக்கல, சின்னையாதான் இழுத்தாரு. சின்ன வயசுல என்னத் தோள்ல தூக்கி வச்சி கணியான் கூத்து காட்டுனவரும் அவருதான், அதான் இன்னும் ஆற மாட்டேங்குது.

என்ன என்னமும் சொல்லிக்கோங்க. கமெண்ட்ல அம்மாவ மட்டும் இழுக்காதீங்க. போன்ல எழுத்தப் பெருசு பண்ணி வச்சி ஒண்ணு விடாம வாசிக்காங்க.